செல் சவ்வில் எதை உள்ளே விடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போய் மாட்டிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். செல் சவ்வு கொழுப்பால் ஆனது, கொழுப்பு தண்ணீரோடு ஒட்டாது, அப்படியானால் தண்ணீரும் சர்க்கரையும் உள்ளே போவது எப்படி என்பது உங்கள் கேள்வி. 'தேர்வு கடத்து சவ்வு' என்று எழுதினால் மார்க் வந்துவிடுகிறது, ஆனால் தேர்வு செய்வது யார் என்பது அவளுடைய கேள்வி. இரண்டும் ஒன்றுதான், அவள் அதை இன்னும் கூர்மையாகக் கேட்டிருக்கிறாள். சவ்வின் படத்தில் எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிகிறது. அது எப்படி வேலை செய்கிறது என்றுதான் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

நான் 31 வருடம் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். பாதி நாள் லேப் டெக்னீஷியன் மாணவர்களுக்கு வகுப்பும் எடுத்தேன். அதனால் செல் சவ்வு என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சிவப்பணுவின் சவ்வு. அதைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். தாவர செல், பாக்டீரியா என்று போனால் எனக்குத் தெரிந்தது பாடப்புத்தக அளவுதான், அங்கே என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து எடுத்துக்கொள்ளுங்கள்.

சவ்வின் அடிப்படைச் சரக்கு பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு. ஒரு தலை, இரண்டு வால். தலை தண்ணீரோடு ஒட்டும், வால்கள் எண்ணெய் மாதிரி, ஒட்டாது. ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகள் ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய்க்கு எண்ணெய் மேல் பாசம் என்று நினைப்போம். உண்மையில் தண்ணீர் மூலக்கூறுகள்தான் ஒன்றோடொன்று கைகோர்க்க விரும்பி, கைகோர்க்கத் தெரியாத எண்ணெயை ஓரம் கட்டுகின்றன. பாஸ்போலிப்பிடைத் தண்ணீரில் போட்டாலும் இதே கதைதான். வால்களெல்லாம் உள்பக்கம் ஒளிந்துகொள்ள, தலைகள் இரு பக்கமும் தண்ணீரைப் பார்த்து நிற்க, தானாகவே இரட்டை அடுக்கு உண்டாகிறது. அதை யாரும் கட்டுவதில்லை. ஓட்டை விழுந்தால் ஓரத்தில் நிற்கும் வால்களைத் தண்ணீர் சும்மா விடாது, அதனால் சின்ன ஓட்டை தானே மூடிக்கொள்ளும். இதன் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சவ்வுகளை அடுக்கி வைக்கலாம்.

இவ்வளவு மெல்லியதை யார் அளந்தது? 1774இல் வெளியான ஒரு கடிதத்தில் பெஞ்சமின் பிராங்க்ளின், லண்டனில் கிளாப்பம் காமன் குளத்தில் ஒரு சின்ன ஸ்பூன் எண்ணெயை ஊற்றியபோது அது அரை ஏக்கர் அளவுக்குப் பரவித் தண்ணீரைக் கண்ணாடி போல் அடக்கியது என்று எழுதினார். ஸ்பூனின் கொள்ளளவை அரை ஏக்கரால் வகுத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு நானோமீட்டர், அதாவது ஒரு மூலக்கூறின் உயரம் வரும். அந்தக் கணக்கை அவர் போடவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1925இல், நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் இதே யோசனையை ரத்தத்தில் செய்து பார்த்தார்கள். சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்துத் தண்ணீர் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பினால், அந்தப் பரப்பு அணுக்களின் மொத்த மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு இருந்தது. அப்படியானால் சவ்வு இரண்டு அடுக்கு. சிவப்பணுவைத் தேர்ந்தெடுத்தது புத்திசாலித்தனம், ஏனென்றால் நம் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியா கிடையாது, உள்ளே வேறு சவ்வே கிடையாது. கிடைக்கும் கொழுப்பெல்லாம் வெளிச்சவ்வின் கொழுப்புதான். இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அவர்கள் கொழுப்பை முழுதாகப் பிரித்தெடுக்கவில்லை, அணுவின் மேற்பரப்பையும் குறைவாகவே மதிப்பிட்டிருந்தார்கள். இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியான விடை வந்துவிட்டது. பிற்பாடு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நடுவில் வெளிர் நிறமும் இரு ஓரமும் கறுப்புமாக, ரயில் தண்டவாளம் போல அந்தச் சவ்வு கண்ணுக்கே தெரிந்தது. ஆகவே இரட்டை அடுக்கு என்பதில் இன்று யாருக்கும் சந்தேகம் இல்லை.

இனி உங்கள் கேள்வி. எண்ணெய் அடுக்கு தண்ணீரை அறவே தடுக்கும் என்பது பாதி உண்மை. தண்ணீர் மூலக்கூறு ரொம்பச் சின்னது, மின்னேற்றமும் கிடையாது. ஆடிக்கொண்டே இருக்கும் வால்களுக்கு நடுவே மெதுவாகப் புகுந்து போய்விடும். ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றுக்கு இந்தச் சவ்வு ஒரு தடையே இல்லை. குளுக்கோஸ் பெரியது, தண்ணீரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது, அதனால் சிரமம். சோடியம், பொட்டாசியம் போன்ற மின்னேற்றமுள்ள அயனிகளுக்குத்தான் கதவு முழுக்கச் சாத்தியிருக்கிறது. புரதம் எதுவும் இல்லாத செயற்கைக் கொழுப்புச் சவ்வில் தண்ணீர் நுழையும் வேகம், சோடியம் நுழையும் வேகத்தைப் போல சுமார் நூறு கோடி மடங்கு. இங்கே ஒரு 'தேர்வு' நடந்துவிட்டது பாருங்கள். எண்ணெயின் இயல்பே செய்த தேர்வு இது, பின்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

ஆனாலும் சிவப்பணுவிலும் சிறுநீரகத்திலும் தண்ணீர் இந்த மெதுவான வழியில் போவதை விட வெகுவேகமாகப் போவதை ரொம்ப நாளாகவே கவனித்திருந்தார்கள். காரணம் கிடைத்தது தற்செயலாக. அமெரிக்காவில் பீட்டர் அக்ரே ஆர்ஹெச் ரத்த வகைப் புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, கூடவே ஒட்டிக்கொண்டு வந்த வேறொரு புரதம் அவரை விடவில்லை. 1992இல் அந்தப் புரதத்தைத் தவளை முட்டைகளில் உண்டாக்கினார்கள். உப்பு குறைந்த நீரில் சாதாரண முட்டை அசையாமல் கிடக்க, புரதம் ஏறிய முட்டை சில நிமிடங்களில் உப்பி வெடித்தது. அதுதான் அக்வாபோரின், தண்ணீருக்கென்றே உள்ள குழாய். ஒரு குழாய் வழியாக நொடிக்குச் சுமார் 300 கோடி தண்ணீர் மூலக்கூறுகள் போகும். 2003இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

தண்ணீர் இப்படிப் போய்வருவதை நாங்கள் தினமும் டெஸ்ட் டியூபில் பார்ப்போம். 0.9 சதவீத உப்பு நீரில் சிவப்பணு நிம்மதியாக இருக்கும், கலங்கலாகத் தெரியும். வெறும் தண்ணீரில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால் அணுக்கள் உப்பி உடைந்து, கொஞ்ச நேரத்தில் டியூப் நன்னாரி சர்பத் போலத் தெளிந்துவிடும். பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்தைப் படிக்கலாம். நரம்பில் வெறும் தண்ணீர் ஏற்றக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். உப்பைப் படிப்படியாகக் குறைத்து வரிசையாக டியூப்களை வைத்தால், சாதாரண அணுக்கள் 0.5 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே உடைய ஆரம்பித்து, 0.3 பக்கம் வரும்போது மொத்தமும் உடைந்திருக்கும். பரம்பரையாகச் சவ்வின் உள்பக்கத்து வலைப்பின்னலில் கோளாறு உள்ளவர்களின் அணுக்கள் உருண்டையாக இருக்கும், இன்னும் முன்னாலேயே உடையும். நல்ல அணு பாதி நிரம்பிய சாக்கு மாதிரி. நடுவில் குழிந்து, உப்புவதற்கு இடம் வைத்திருக்கிறது. உருண்டைக்கு அந்த இடம் இல்லை. சவ்வு வளையும், நெளியும், ஆனால் ரப்பர் மாதிரி இழுபடாது. மூன்று நான்கு சதவீதத்துக்கு மேல் பரப்பு கூடினால் கிழிந்துவிடும்.

அயனிகளுக்கு வருவோம். மகளின் கேள்விக்கு நேரான பதில் இங்கேதான் இருக்கிறது. சவ்வில் பொட்டாசியத்துக்கென்று புரதக் குழாய்கள் இருக்கின்றன. அவை நொடிக்குக் கோடிக்கணக்கான பொட்டாசியத்தை விடும், சோடியத்தை விடாது. இதில் விசித்திரம் என்னவென்றால் சோடியம்தான் சின்னது. பெரியதை விட்டுவிட்டுச் சின்னதைத் தடுக்கும் சல்லடையை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? 1998இல் ராட்ரிக் மெக்கின்னன் குழுவினர் அந்தக் குழாயின் வடிவத்தை எக்ஸ்-ரே மூலம் அணு அணுவாகக் கண்டபோது விஷயம் புரிந்தது. தண்ணீரில் இருக்கும் அயனி தனியாக இருப்பதில்லை, தண்ணீர் மூலக்கூறுகளைப் போர்வை போலச் சுற்றிக்கொண்டிருக்கும். குழாயின் இடுக்குக்குள் நுழைய அந்தப் போர்வையைக் கழற்ற வேண்டும், கழற்றுவதற்குச் செலவாகும். இடுக்கின் சுவரில் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. பொட்டாசியத்தைச் சுற்றித் தண்ணீரின் ஆக்சிஜன்கள் எந்தத் தூரத்தில் நின்றனவோ அச்சாக அதே தூரத்தில். எனவே பொட்டாசியத்துக்குப் போர்வை போனதே தெரிவதில்லை. சோடியம் சின்னது என்பதால் அந்தச் சுவரின் ஆக்சிஜன்கள் அதற்கு எட்டுவதில்லை. போர்வையைக் கழற்றிய நஷ்டம் ஈடாகாது, அதனால் வெளியிலேயே நின்றுவிடுகிறது. தேர்வு செய்வது யார் என்றால், அந்த ஆக்சிஜன்களுக்கு இடையே உள்ள தூரம்தான். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். பரீட்சைக்கு வராது, ஆனாலும் சொல்லுங்கள். மெக்கின்னனுக்கும் அதே 2003இல், அக்ரேவோடு சேர்த்துத்தான் நோபல் கொடுத்தார்கள்.

எதை விடலாம் என்பது இப்படி வடிவத்தில் முடிவாகிவிடுகிறது. எந்தப் பக்கம் போவது என்பது வேறு கணக்கு. குழாய் திறந்திருந்தால் எதுவும் அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத்தான் ஓடும். நம் செல்களுக்குள்ளே பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல், வெளியே ரத்த நீரில் 4. சோடியம் நேர் எதிர், வெளியே 140, உள்ளே பத்துப் பதினைந்து. விட்டால் சமமாகிவிடும். சமமாகாமல் வைத்திருப்பது சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்ற புரதம். டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோவ் 1957இல் நண்டின் நரம்பில் இதைக் கண்டார். ஒரு சுற்றுக்கு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும், அதற்கு ஒரு ஏடிபி மூலக்கூறை, அதாவது செல்லின் சக்திக் காசு ஒன்றை, செலவழிக்கும். நீங்கள் சும்மா படுத்திருக்கும்போதும் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இந்தப் பம்புக்கே போகிறது.

இதை எனக்குப் புரிய வைத்தது எந்தப் புத்தகமும் இல்லை, ஒரு ஃபிரிட்ஜ். வேலைக்குச் சேர்ந்த புதிது. வேறொரு இடத்தில் இரவு எடுத்த ரத்த சாம்பிளை, சீரம் (அணுக்கள் நீங்கிய மஞ்சள் திரவம்) பிரிக்காமல் முழு ரத்தமாகவே ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் எங்களுக்கு அனுப்பினார்கள். பொட்டாசியம் 7க்கு மேல் காட்டியது. சாதாரண அளவு 3.5 முதல் 5 வரை. ஏழு என்றால் இதயம் நின்றுவிடலாம், டாக்டர் பதறிப்போய் வார்டுக்கு ஓடினார். நோயாளியோ உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்தால் 4.2. அணு உடைந்து பொட்டாசியம் கொட்டியிருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். என் சீனியர் அம்மா டியூபை வெளிச்சத்தில் காட்டினார். சீரம் மஞ்சளாக, சுத்தமாக இருந்தது. அணு உடைந்திருந்தால் சிவந்திருக்கும். சவ்வு முழுசாகத்தான் இருக்கிறது, குளிரில் பம்ப் மட்டும் படுத்துவிட்டது என்றார். சவ்வில் எப்போதும் கொஞ்சம் கசிவு உண்டு. பம்ப் அள்ளி அள்ளி உள்ளே போடுவதால் அது நமக்குத் தெரிவதில்லை. கிணற்றில் ஊற்று இருக்கும்போது மோட்டாரை நிறுத்தினால் தண்ணீர் மேலே ஏறுமே, அது போலத்தான். ரத்த வங்கியில் வாரக்கணக்கில் குளிரில் இருக்கும் ரத்தப் பையிலும் இதே காரணத்தால் வெளியே பொட்டாசியம் ஏறிக்கொண்டே போகும். சுவர் மட்டும் போதாது, இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அன்று எனக்குப் பதிந்தது.

இப்படி இறைத்து வைத்த ஏற்றத்தாழ்வுதான் மற்ற வேலைகளுக்கெல்லாம் முதலீடு. நரம்பு செல்லில் உள்ளுக்கும் வெளிக்கும் சுமார் 70 மில்லிவோல்ட் வித்தியாசம். பேட்டரியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் அது நிற்பது 5 நானோமீட்டர் தடிமனுக்குள். மீட்டருக்கு என்று கணக்குப் போட்டால் ஒரு கோடியே 40 லட்சம் வோல்ட். காற்றில் 30 லட்சத்திலேயே மின்பொறி பறந்துவிடும்.

சர்க்கரையும் சில இடங்களில் இதே முதலீட்டைப் பயன்படுத்துகிறது. பெரும்பாலான செல்களில் குளுக்கோஸ் தனக்கென்று உள்ள புரதக் கதவு வழியாகச் சரிவில் இறங்கிப் போகும், சக்தி வேண்டாம். தசையிலும் கொழுப்புத் திசுவிலும் அந்தக் கதவுகளை செல் உள்ளே மடித்து வைத்திருக்கும், இன்சுலின் வந்து சொன்னால்தான் சவ்வுக்குக் கொண்டுவந்து பொருத்தும். சிவப்பணுவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரையோ அதற்கேற்ப உள்ளேயும் போகும். எச்பிஏ1சி பரிசோதனை ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். குடலில் வேறு ஏற்பாடு. அங்கே ஒரு கதவு இருக்கிறது, சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். சோடியம் சரிவில் இறங்கும் வேகத்தில் குளுக்கோஸையும் இழுத்துக்கொண்டு போகும், பின்னாலேயே தண்ணீர் போகும். காலராவில் நச்சுப்பொருள், குடல் செல்லின் குளோரைடு குழாயைத் திறந்தபடி வைத்துவிடுவதால் தண்ணீர் வெளியே கொட்டுகிறது. அந்த நச்சு இருப்பதை 1959இல் கல்கத்தாவில் காட்டியவர் எஸ்.என்.டே. ஆனால் சோடியம்-குளுக்கோஸ் கதவு அந்த நேரத்திலும் நன்றாகவே வேலை செய்கிறது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலானாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். முப்பது சதவீதம் வரை இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. ஓஆர்எஸ் பாக்கெட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதவுதான் நினைவுக்கு வரும். வீட்டில் கலப்பதாக இருந்தால் ஒரு லிட்டர் சுத்தமான நீருக்கு மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தெம்புக்கு என்று சர்க்கரையைக் கூட்டாதீர்கள், குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும்.

சவ்வின் வெளிப்பக்கத்தில் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். செல்லின் அடையாள அட்டை அதுதான். ஏ குரூப்புக்கும் பி குரூப்புக்கும் உள்ள வித்தியாசம் சங்கிலியின் நுனியில் இருக்கும் ஒரே ஒரு சர்க்கரை. அந்த நுனி ஒட்ட வேண்டிய அடித்தளமே சிலருக்கு இருக்காது. சாதாரணப் பரிசோதனையில் ஓ என்று வரும், ஆனால் ஓ ரத்தமும் சேராது. 1952இல் டாக்டர் பெண்டேயும் கூட இருந்தவர்களும் மும்பையில் கண்டுபிடித்ததால் பாம்பே குரூப் என்று பெயர். ரத்த வங்கியில் இருந்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வயிற்றில் புளியைக் கரைக்கும்.

சந்தேகத்துக்கு இடமுள்ள பகுதிகளையும் சொல்லிவிடுகிறேன். சவ்வு உறைந்த சுவர் இல்லை, அதில் கொழுப்பும் புரதமும் நீந்துகின்றன என்பது உறுதி. 1970இல் மனித செல்லையும் எலியின் செல்லையும் ஒட்டவைத்து, இரண்டின் புரதங்களுக்கும் வேறு வேறு நிறம் ஏற்றிப் பார்த்தார்கள். 37 டிகிரியில் 40 நிமிடத்தில் நிறங்கள் கலந்துவிட்டன, குளிரில் கலக்கவில்லை. 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் ஃப்ளூயிட் மொசைக் மாதிரியை வெளியிட்டார்கள், உங்கள் மகள் வரையும் படம் அதுதான். ஆனால் அந்தப் படம் காட்டுவது போலப் புரதங்கள் எங்கு வேண்டுமானாலும் தாராளமாக அலைவதில்லை. பல புரதங்கள் உள்பக்க வலையில் கட்டப்பட்டிருக்கின்றன, சவ்வில் புரத நெரிசலும் படத்தில் உள்ளதை விட அதிகம். கொலஸ்ட்ராலும் சில கொழுப்புகளும் கூடித் தெப்பம் போல மிதக்கும் என்ற கருத்து 1997இலிருந்து பேசப்படுகிறது. செயற்கைச் சவ்வில் அப்படித் திட்டுகள் உண்டாவது நிச்சயம். உயிருள்ள செல்லில் அவை எவ்வளவு பெரியவை, எவ்வளவு நேரம் நிலைக்கும் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்றும் அடிதடிதான். மயக்க மருந்தும் அப்படி. எண்ணெயில் எவ்வளவு நன்றாகக் கரைகிறதோ அவ்வளவு நன்றாக மயக்கும் என்று மேயரும் ஓவர்டனும் நூறு வருடத்துக்கு முன்பே கவனித்தார்கள், அதனால் சவ்வின் கொழுப்பில் கரைந்து வேலை செய்கிறது என்று நம்பப்பட்டது. இப்போது ஆதாரங்கள் சவ்வில் உள்ள புரதங்களையே அதிகம் காட்டுகின்றன, வழக்கு இன்னும் முழுசாக முடியவில்லை. 'செல் சவ்வைப் புதுப்பிக்கும்' என்று விற்கும் மாத்திரைகளில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை, காசை வீணாக்காதீர்கள்.

பரீட்சையில் அவள் பாடப்புத்தக வரியையே எழுதட்டும். வீட்டில் ஒரு பீட்ரூட்டைத் துண்டு போட்டு, சாயம் நிற்கும் வரை கழுவச் சொல்லுங்கள். ஒரு டம்ளரில் பச்சைத் தண்ணீர், இன்னொன்றில் ஆவி பறக்கும் தண்ணீர், மூன்றாவதில் கொஞ்சம் சானிடைசர். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு, பத்து நிமிடம். முதல் டம்ளர் ஏறக்குறைய நிறமில்லாமல் இருக்கும், மற்ற இரண்டும் சிவக்கும். சூடு ஒரு விதமாகவும் ஆல்கஹால் வேறு விதமாகவும் சவ்வைக் கெடுக்கின்றன. தாவர செல்லில் சாயம் உள்ளறையில் இருப்பதால் இரண்டு சவ்வுகளைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். அதற்கு மேல் அவள் கேட்டால் தாவரவியல் டீச்சரிடம் அனுப்புங்கள்.